தத்துக் குழந்தை வந்த பிறகும் மனம் கனப்பது ஏன்?

வெளிநாட்டிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தையைத் தத்தெடுத்துக் காரைக்குடிக்கு அழைத்து வந்திருக்கும் தாங்கள், மகிழ்ச்சியோடு அச்சமும் குற்ற உணர்வும் சேர்ந்தே எழுவது இயல்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இயல்புதான்.

நாடுகளுக்கிடையேயான தத்தெடுப்பு குறித்த 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைக்கு உட்பட்ட நடைமுறைகளுக்காக நெடுநாள் காத்திருந்தவர்கள், குழந்தை கைக்கு வந்ததும் பாசம் பொங்கிவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்தக் குழந்தையோ தன்னை வளர்த்தவரையும், கேட்டுப் பழகிய மொழியையும், சோற்றின் மணத்தையும்கூட ஒரே நாளில் இழந்து வந்திருக்கிறது. நாங்களும் இப்படித் தத்தெடுத்த எங்கள் மகள் முதல் பத்து நாள்கள் செருப்பைக் கழற்றாமலேயே உறங்கினாள். கந்தரப்பத்தை நீட்டினால் வாங்கிக்கொள்வாள், என் கை பட்டால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள். என்னைப் பிடிக்கவில்லை என்றே அப்போது நினைத்தேன். அது துக்கம் என்று பின்னர்தான் புரிந்தது.

செட்டிநாட்டில் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, புதிதன்று என்றாலும், அவ்வாறு வரும் பிள்ளைக்கு மொழியும் உறவும் முன்பே பழகியவை. ஆகவே வீட்டு உள்முற்றமான வளவு நிறைய உறவினரைக் கூட்டும் விருந்தைச் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள் (அப்பத்தா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை). ஊட்டுவதையும் உறங்கவைப்பதையும் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். சோர்வும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், அது பிள்ளை பெற்றவளுக்கு மட்டுமே வருவது என்று எண்ணி இருந்துவிடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.