இலைச் சாறு கிருமியைக் கொன்றால் மருந்தாகிவிடுமா?

கேள்வி: மண்டபம் பக்கம் எங்கள் தாத்தா ஒரு கடற்கரைக் கொடியின் இலையை அரைத்துப் பற்றுப் போட்டுப் புண்ணை ஆற்றுகிறார். அந்த இலைச் சாறு கிருமியைக் கொல்கிறது என்று ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். இனி அது மருந்துதானே?

இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. அதற்காக உங்கள் தாத்தா செய்வதைத் தள்ளிவிடவும் கூடாது. நான் பெரியபட்டினத்துக்காரன். நுண்ணுயிரியல் முதுகலையில் இதே சோதனையைத்தான் செய்தேன், அதில் ஏமாந்தும் போனேன்.

அனுமதி வாங்கி, காரங்காட்டில் அலையாத்தி இலை பறித்து வந்தோம். நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டிச் சாறு எடுத்தேன். 6 மில்லிமீட்டர் காகித வில்லையில் அதைச் சொட்டு விட்டு, புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைப் பூசிய அகர் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) வைத்து, 37 டிகிரியில் ஓர் இரவு விட்டேன். காலையில் பார்த்தால் வில்லையைச் சுற்றி 14 மில்லிமீட்டருக்குத் தெளிவான வட்டம். அதற்குள் ஒரு கிருமியும் வளரவில்லை. அப்போதே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

வழிகாட்டி மேடம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெறும் எத்தனால் வில்லை எங்கே தம்பி?" என்று கேட்டார். நான் வைக்கவே இல்லை. மறுநாள் வைத்தேன். இலையே இல்லாத அந்த வில்லையும் 10 மில்லிமீட்டர் வட்டம் போட்டிருந்தது! ஈரம் காயுமுன் வில்லையைத் தட்டில் வைத்ததால், எத்தனாலே கிருமியைக் கொன்றிருக்கிறது. நன்றாக உலர்த்தி மறுபடி செய்தபோது வெறும் வில்லையில் வட்டம் இல்லை, என் இலையின் வட்டம் 9 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. இலையில் ஏதோ இருப்பது உண்மை, ஆனால் கொஞ்சம்.

எவ்வளவு கொஞ்சம் என்பதையும் பாருங்கள். ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்த ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையில் இருந்த மருந்து 10 மைக்ரோகிராம். என் வில்லையில் 5 மில்லிகிராம் சாறு, அதாவது 500 மடங்கு. அப்படியும் ஜென்டமைசின் வட்டம்தான் 20 மில்லிமீட்டரைத் தாண்டியது. சாறு என்பது எத்தனையோ பொருள்களின் கலவை, அதில் வேலை செய்வது துளியூண்டாக இருக்கலாம் என்பதும் நியாயம்தான். பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம், கிருமியைக் கொல்வது புண்ணில் புதிதாக வளரும் சதையையும் கொல்லுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பினாயில்கூடத் தட்டில் வட்டம் போடும்.

இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தா பச்சை இலையை அரைத்துப் போடுகிறார். ஆய்வகத்தில் எதில் சாறு எடுத்தார்கள்? தண்ணீரில் இறங்கும் பொருள் வேறு, எத்தனாலில் இறங்கும் பொருள் வேறு. சீனாவில் தூ யூயூ என்ற விஞ்ஞானி மலேரியாவுக்கு ஒரு மூலிகையைச் சோதித்தபோது, சூட்டில் எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பழைய வைத்திய நூலில் பச்சையாகப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைப் பார்த்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தைக் கொண்டு எடுத்தார். அப்படித்தான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது. 2015ல் அவருக்கு நோபல் பரிசு தந்தார்கள். ஆகவே தாத்தா செய்யும் முறை முக்கியம், அதை மாற்றிவிட்டால் சோதிப்பது வேறொரு பொருளை.

தட்டைத் தாண்டி மனிதர்களிடம் வந்தால் விஷயம் இன்னும் கடினம். கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். காமாலைக்கு அதைக் குடிக்காத வீடு நம் பக்கம் குறைவு. ஆனால் கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், எதைக் கொடுத்தாலும் கொடுத்தவருக்குப் பேர் கிடைக்கும். அதனால்தான் இன்னொரு கூட்டத்துக்குப் போலி மருந்து கொடுத்து ஒப்பிட வேண்டும். சென்னையில் தியாகராஜன் என்ற ஆய்வாளரின் குழுவினர், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் அப்படித்தான் செய்தார்கள். 1988ல் வந்த முடிவில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது, போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. போலி மருந்தோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வுக்கே இந்த நிலை என்றால், ஒரு தட்டை வைத்து நாம் முடிவு சொல்லலாமா?

எனக்கு இதில் பிடிவாதம் வரக் காரணம் என் சித்தி. எங்கள் மணலில் நித்தியகல்யாணி தானாக முளைக்கும். யாரோ சொன்னார்கள் என்று சுகருக்கு அந்த இலையை மென்று தின்று, மாத்திரையை நிறுத்திவிட்டார். சிப்பி கீறிய கால்புண் மூன்று மாதம் ஆறவில்லை. பரிசோதித்தபோது சுகர் 380. கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரும் அந்தச் செடியைச் சர்க்கரை நோய்க்கென்றுதான் சோதிக்க ஆரம்பித்தார். வாய்வழி கொடுத்தபோது எலிகளின் சர்க்கரை குறையவில்லை. ஊசியில் செலுத்தியபோது வெள்ளணுக்கள் சரிந்து, எலிகள் தொற்றில் செத்தன. அதைத் தோண்டிப் போய்த்தான் 1958ல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தார்கள். அதே செடியின் வின்கிரிஸ்டின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. அப்படிப்பட்ட இலையைத்தான் சித்தி தினமும் வெறும் வயிற்றில் தின்றிருக்கிறார்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கொடியைப் பூவும் காயுமாக ஒரு முழம் வெட்டி, பேப்பருக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, தாவரவியல் துறையில் கொடுத்து சரியான பெயரை எழுதி வாங்குங்கள். ஒரே பெயரை ஊருக்கு ஊர் வேறு செடிக்குச் சொல்கிறோம். எந்த மாதம் பறிப்பார், தளிரா முற்றலா, எதோடு அரைப்பார், எத்தனை நாள் போடுவார், எந்தப் புண்ணுக்குப் போட மாட்டார் என்று தாத்தாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், கல்லூரியில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.