தூரத்தில் வரும்போதே: லூக்கா 15 பற்றிய கேள்வி பதில்

நூறு ஆட்டில் ஒன்று, பத்துக் காசில் ஒன்று, இரண்டு மகன்களில் ஒருவன் காணாமல் போகும் மூன்று உவமைகள், இயேசு சொன்னவை, வேதாகமத்தில் லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் வருகின்றன. தேவகோட்டைப் பக்கம் பல வருஷம் உபதேசியாராக இருந்தவன் என்ற உரிமையில், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஐயா ஆடு மேய்க்கும் கீதாரி. ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பதை வனாந்தரத்தில் விட்டுப் போனால் மிச்சத்தை நரி கொண்டுபோகாதா?

நல்ல கேள்வி, தம்பி. நம் பக்கம் ஆட்டுக் கிடை போட்டால் காவலுக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். உவமையோ அந்தத் தொண்ணூற்றொன்பதைப் பற்றி மேற்கொண்டு பேசவே இல்லை. ‘இவர் பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே’ என்று முணுமுணுத்தவர்களுக்கு இயேசு சொன்ன பதில் இது. அந்த ஆடு என்ன செய்தது என்று பாருங்கள். ஒன்றுமே செய்யவில்லை. மனம் வருந்தவும் இல்லை, திரும்பி நடக்கவும் இல்லை. கண்டெடுத்தவர் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முதலில் நடந்தது தேடல்தான்.

ஒரு காசுக்காகவா விளக்கேற்றி வீட்டையே பெருக்க வேண்டும்?

அது திராக்மா என்ற வெள்ளிக்காசு, ஏறக்குறைய ஒரு நாள் கூலி. பத்தே வைத்திருப்பவளுக்கு ஒன்று போனால் சும்மா இருக்க முடியுமா? ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் விழுந்தால் சத்தம் கேட்கும், பளிச்சென்று தெரியும். ஏழை வீட்டு மண் தரையில் துடைப்பத்தை வைத்துத்தான் தேட வேண்டும். கடவுளை விளக்குமாறு பிடித்த பெண்ணாகக் காட்டும் இந்த உவமைக்குப் பிரசங்கங்களில் இடமே கிடைப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

‘மனதுருகி’ என்றால் வெறும் பரிதாபமா?

இல்லை ஆச்சி, அதைவிடப் பெரிது. மூன்றாவது உவமையில், சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்ட இளைய மகன் வீடு திரும்பும் இடத்தில் வரும் சொல் அது. ‘அவன் தூரத்தில் வரும்போதே, அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி’ என்று நம் பழைய வேதாகமத்தில் வருகிறது. கிரேக்க மூலத்தில் அந்த வினைச்சொல் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ‘பெத்த வயிறு கலங்குதே’ என்று நீங்கள் சொல்வீர்களே, அந்தக் கலக்கம்தான். லூக்கா இந்தச் சொல்லை மூன்றே இடத்தில் வைக்கிறார்: நாயீன் ஊர் விதவையைக் கண்ட இயேசு, அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட சமாரியன், இந்தத் தகப்பன்.

இன்னொன்று. தகப்பனிடம் சொல்வதற்காக மகன் மனப்பாடம் செய்து வந்த பேச்சில் ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’ என்று ஒரு வரி உண்டு. 19-ஆம் வசனத்தில் இருக்கும் அந்த வரி 21-இல் இல்லை. அவன் அதைச் சொல்லும் முன்பே தகப்பன் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அந்த இரக்கம் எங்களுக்கும் உண்டா?

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் யோனாவின் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள், அண்ணே. நினிவே அந்நிய நகரம், இஸ்ரவேலுக்குப் பகையும்கூட. அங்கிருக்கும் இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் அதிகமான மனிதருக்காகவும் மிருகங்களுக்காகவும் நான் பரிதபிக்க வேண்டாமா என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் முடிகிறது. மாட்டையும் சேர்த்துக் கேட்டவர் உங்களை விடுவாரா?

என் தம்பி பெரிய வீட்டில் தன் பங்கை விற்று அழித்துவிட்டு இப்போது திரும்பி வந்திருக்கிறான். அப்பச்சி (எங்கள் அப்பா) அவனை முகப்பிலேயே கட்டிப்பிடித்து அழுகிறார். இத்தனை வருஷம் கணக்கு வழக்கு பார்த்தவன் நான். நான் என்ன முட்டாளா?

முட்டாள் இல்லை. முதலில் கணக்கையே பார்ப்போம். மோசேயின் சட்டப்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. அதனால் உவமையில் இளையவன் வாங்கிப்போனது மூன்றில் ஒன்று. அவன் திரும்பி வந்த பிறகு தகப்பன் மறுபாகம் பிரிக்கவில்லை. ‘எனக்குள்ளதெல்லாம் உன்னுடையது’ என்று மூத்தவனிடம்தான் சொல்கிறார். ஆகவே தம்பிக்குச் சோறு போடுங்கள், பத்திரத்தை மாற்றி எழுத வேண்டும் என்று வேதம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

அப்புறம், உங்கள் கோபம். தம்பி வந்ததற்குத் தகப்பன் விருந்து வைத்தார் என்று கோபித்த மூத்தவன் ‘உம்முடைய குமாரனாகிய இவன்’ என்கிறான், தம்பி என்ற சொல் வாயில் வரவில்லை. தகப்பன் ‘உன் சகோதரனாகிய இவன்’ என்று திருத்துகிறார். நீங்கள் ‘என் தம்பி’ என்றே எழுதியிருக்கிறீர்கள், அதைக் கவனித்தேன்.

ஆட்டைத் தேடிப் போனார்கள், காசைத் தேடினார்கள். மகனை மட்டும் ஏன் தேடிப் போகவில்லை?

ஆட்டைத் தோளில் தூக்கி வரலாம். வளர்ந்த மகனைத் தூக்கி வந்தால் மறுநாளே ஓடிவிடுவான். ஆனாலும் தகப்பன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. இளையவனை நோக்கி ஓடினார். உள்ளே வரமாட்டேன் என்று நின்ற மூத்தவனிடமும் ‘வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்’ என்று எழுதியிருக்கிறது. விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போயிருக்கிறார்.