வீட்டு அட்வான்ஸ் திரும்ப வருமா? வழக்கறிஞர் பதில்கள்

வாடகை வீட்டைக் காலி செய்த பிறகு அட்வான்ஸ் வராமல் அலைகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் வாடகை வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் பதில் அளிக்கிறேன். 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ள, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தைத்தான் கீழே ‘சட்டம்’ என்று குறிப்பிடுகிறேன். ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்க்காமல் தரப்படும் பதில்கள் இவை என்பதை நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

வேளச்சேரி வாசகர்: வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். காலி செய்து இரண்டு மாதம் கடந்தும், “அடுத்த ஆள் குடிவந்ததும் தருகிறேன்” என்றே வீட்டுக்காரர் சொல்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா?

உரிமை இல்லை. சட்டத்தின் 11-ஆம் பிரிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இந்த ஒரு மாதத்துக்கும் அடுத்த குடித்தனம் வருவதற்கும் சட்டம் எந்த முடிச்சும் போடவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் பழக்கம் உள்ள இந்த ஊரில், அந்தப் பணத்தை வங்கியில் தனியே போட்டு வைக்கும் வீட்டுக்காரர்கள் மிகக் குறைவு. மாடி எழுப்பவோ மகள் திருமணத்துக்கோ அது செலவாகிவிடுகிறது. புதிதாக வருபவர் தரும் அட்வான்ஸைத்தான் போகிறவரிடம் தருகிறார்கள். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தாலோ, வருபவர் ஐந்து மாத அட்வான்ஸுக்கு மேல் தர மாட்டேன் என்று பேரம் பேசினாலோ, அந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் ஏமாற்றும் எண்ணம் உள்ளவர் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். அதற்காக வாய்வார்த்தையை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஒப்பந்தம் போட்ட நாள், அட்வான்ஸ் தொகை, அதை எப்படிச் செலுத்தினீர்கள் என்ற விவரம், சாவியைத் தந்த நாள், கடைசி மின் கட்டணம் கட்டிய ரசீது, உங்கள் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். கோபச் சொல் ஒன்றும் அதில் வேண்டாம். அந்தக் கடிதத்தைப் பின்னாளில் ஒரு நீதிபதி படிக்கக்கூடும். ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்பிவிட்டு, அதன் படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

சாவியைத் தந்த நாளுக்கு எழுத்துச் சான்று வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அந்த நாளை நிரூபிக்க முடியாவிட்டால் ஒரு மாதக் கணக்கு எங்கே தொடங்கியது என்பதையும் நிரூபிக்க முடியாது என்பதால், வீட்டைக் காலி செய்யும் அனைவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சாவியைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

பம்மல் வாசகர்: மூன்று ஆண்டு குடியிருந்தோம். அட்வான்ஸில் 40,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் 22,000, வயரிங் 9,000, அடுக்களை மேடைக் கறை 5,000, குழாய்கள் 2,400, ஜன்னல் கொசுவலை 1,800 என்று ஒரு துண்டுச் சீட்டு தந்தார். இது நியாயமா?

சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவது, தண்ணீர்க் குழாய்ப் பாதையை மாற்றுவது, மின் கம்பி இணைப்புகளைப் பராமரிப்பது ஆகியவை வீட்டுக்காரர் பக்கம் இருக்கின்றன. குழாயும் அதன் வாஷரும் மாற்றுவது, ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, கழிவறை மற்றும் கை கழுவும் தொட்டியின் பழுது ஆகியவை குடியிருப்பவர் பக்கம் இருக்கின்றன.

இனி உங்கள் சீட்டுக்கு வருவோம். குழாய்க்கும் கொசுவலைக்கும் சேர்த்து 4,200 ரூபாய் அவர் கேட்பதில் தவறில்லை; கடை ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். வயரிங் உங்கள் பொறுப்பன்று. அடுக்களை மேடையில் மூன்று ஆண்டு சமைத்தால் மஞ்சளும் எண்ணெயும் படியத்தான் செய்யும். இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பணம் தர வேண்டியதில்லை. கல்லே விரிசல் விட்டிருந்தால் கதை வேறு.

மீதமிருப்பது பெயிண்ட். “காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டுக்காகப் பிடித்துக்கொள்ளப்படும்” என்று நீங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் இருந்தால், பராமரிப்பை ஒப்பந்தத்தின் வழியே மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருவதால், அந்த ஒரு மாத வாடகை வரை அவர் கேட்கலாம். அப்படி ஒரு வரி இல்லையென்றால், “ஊர் வழக்கம்” என்ற சொல்லுக்கு 22,000 ரூபாய் மதிப்பு கிடையாது.

ஆவடி வாசகர்: போலீஸில் புகார் கொடுத்தால் பணம் வருமா?

இது உரிமையியல் தகராறு. காவல் நிலையத்தில் ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

மேடவாக்கம் வாசகர்: அட்வான்ஸ் வராது என்ற பயத்தில், கடைசி நான்கு மாதம் வாடகை தராமல் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

அவர் சம்மதித்தால் தாராளமாகச் செய்யலாம். அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். சம்மதம் இல்லாமல் நீங்களாக நிறுத்தினால், இரண்டு மாத வாடகை பாக்கி என்பதையே காரணமாக்கி அவர் உங்களை வெளியேற்ற மனு போட வழி பிறக்கும்.

மேற்கு மாம்பலம், வீட்டு உரிமையாளர்: குடித்தனக்காரர்கள் பக்கமே பேசுகிறீர்கள். பத்து மாத அட்வான்ஸ் தந்து என் வீட்டில் இருந்தவர் ஆறு மாதம் வாடகை தராமல் கழித்துக்கொண்டு, மின் கட்டண பாக்கியும் வைத்துவிட்டு, கழிவறைக் கதவை உடைத்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த அட்வான்ஸ் எதற்கும் போதவில்லை. மேலே கேட்டவருக்கு ‘தாராளமாக’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

‘அவர் சம்மதித்தால்’ என்ற சொற்களைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள். தங்கள் இழப்பை நான் மறுக்கவில்லை. இறுதியில் வரும் சேதத்துக்கும் பாக்கிக்கும் ஈடாக இருக்கவே முன்பணம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை வாடகையில் கரைத்துவிட்டால் ஈடு இல்லாமல் போகிறது. ஆனால் தாங்கள் மூன்று மாத வாடகைக்குப் பதில் பத்து மாத வாடகையை வட்டியில்லாமல் கையில் வைத்திருந்தீர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே வீட்டு உரிமையாளர்: பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமிட்டவர் அவர்தானே? சட்டமும் அதை அனுமதிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆம், அனுமதிக்கிறது. அந்தப் பிரிவின் பெரிய ஓட்டையே அதுதான் என்பது என் கருத்து. ஆனால் பெருந்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு ‘வாடகை பாக்கி’ என்று வழக்குப் போட்டால் நீதிமன்றம் அதை எப்படிப் பார்க்கும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கூடூரில் இருந்த ஓர் ஓட்டல் தொடர்பான வழக்கில், வீட்டுக்காரர் கையில் முன்பணம் மிகுதியாக இருக்கும்போது குடியிருப்பவரை வாடகை தவறியவர் என்று சொல்ல முடியாது என 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஆந்திரத்தின் பழைய வாடகைச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. நமது சட்டத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை.

வேளச்சேரி வாசகர் (மீண்டும்): அப்படியானால் நான் கழித்திருக்கலாம் போலிருக்கிறதே! நேர்மையாகக் கடைசி மாதம் வரை வாடகை கட்டியவன்தான் இன்று தெருவில் நிற்கிறேன்.

அதே வீட்டு உரிமையாளர்: பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன்.

இருவருக்கும் சேர்த்து ஒரே பதில். எனக்குத் தெரிந்தவரை சண்டையில்லாமல் முடிந்த காலி செய்தல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடந்தன. காலி செய்வதாக அறிவித்த அன்றே, எட்டு அல்லது ஒன்பது மாத அட்வான்ஸ் உள்ளவர்கள், அறிவிப்புக் கால வாடகையை அதில் கழித்துக்கொள்வது என்றும், சேதத்துக்கும் மின் கட்டணத்துக்கும் இரண்டு மாத வாடகை அளவை நிறுத்தி வைப்பது என்றும் இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். கடைசி நாளன்று வீட்டை ஒன்றாகச் சுற்றிப் பார்த்து, மின் மீட்டரைப் படம் எடுத்து, மீதியை அங்கேயே கைபேசியில் அனுப்பிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் ஒரே நாளில் பெருந்தொகை புரட்ட வேண்டியதில்லை; குடியிருந்தவரும் பின்னால் அலைய வேண்டியதில்லை. இந்த விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். இன்னும் பல கேள்விகள் காத்திருக்கின்றன.

திருவொற்றியூர் வாசகர்: பணம் வரும் வரை சாவியைத் தராமல் பூட்டிவைத்திருக்கிறேன். இது சரியா?

ஆபத்தானது. ஒப்பந்தமோ அறிவிப்போ முடிந்த பிறகும் இடத்தை ஒப்படைக்காதவரிடம் இரு மடங்கு வாடகை கேட்க வீட்டுக்காரருக்குச் சட்டம் வழி தருகிறது. உங்கள் அட்வான்ஸே அதில் கரையும். அவரே உங்களை வெளியேற்றி இடத்தைத் திரும்பப் பெறுகிறார் என்றால், வாங்கிய முன்பணத்தை அதற்கு முன்பே திருப்பித் தர வேண்டும், தவறினால் வட்டியும் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது உங்களுக்குத் துணை நிற்கும். நீங்களாகக் காலி செய்திருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு எழுத்து வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தால், இன்ன நாளில் சாவியை ஒப்படைக்க வந்ததாகவும் அவர் மறுத்ததாகவும் அன்றே ஒப்புகை அஞ்சலில் எழுதுங்கள்.

பல்லாவரம் வாசகர்: காலி செய்து மூன்று மாதம் ஆகிறது. அடுத்த ஆள் வந்தால்தான் தருவேன் என்கிறார். என்ன செய்வது?

முதல் பதிலைப் படியுங்கள்.

கொளத்தூர் வாசகர்: சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது நான் காலி செய்யவே இல்லை என்கிறார்.

சாவிக்கு எழுத்து வாங்குங்கள் என்று மேலே இரண்டு இடங்களில் எழுதாமல் இருந்திருந்தாலும் உங்கள் கேள்வி அதை எழுத வைத்திருக்கும். பக்கத்து வீட்டாரிடம் கையொப்பமிட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். சாமான் ஏற்றிய வண்டியின் ரசீது, புதிய வீட்டின் ஒப்பந்தம், எரிவாயு இணைப்பை மாற்றிய சான்று ஆகிய அனைத்தையும் திரட்டுங்கள்.

தாம்பரம் வாசகர்: எட்டு லட்சம் கொடுத்து லீஸுக்கு இருக்கிறோம்; மாத வாடகை இல்லை. இப்போது வங்கியிலிருந்து வந்து வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

இந்த வரிசையில் வந்த கேள்விகளிலேயே மிகக் கடுமையானது இது. உங்களுக்கு லீஸுக்கு, அதாவது ஒத்திக்கு, தருவதற்கு முன்பே அவர் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால், வங்கியின் உரிமை முந்தியது. பதிவு செய்யப்படாத ஒத்திப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருக்கலாம் என்று வாதிட 2019-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இடம் மிகவும் சுருங்கிவிட்டது. எட்டு லட்சமும் வீட்டுக்காரர் உங்களுக்குத் தர வேண்டிய கடனாகவே நிற்கும். நோட்டீஸில் உள்ள தேதிகள் முக்கியமானவை. இங்கே கேள்வி அனுப்பிக் காத்திருக்காமல், கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்காடும் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். லீஸுக்கு வீடு பார்க்கும் மற்றவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

அம்பத்தூர் வாசகர்: வீட்டு உரிமையாளர் இறந்துவிட்டார். பிள்ளைகள் “எங்களுக்குத் தெரியாது” என்கிறார்கள்.

தந்தையின் சொத்தைப் பெற்ற அளவுக்கு அவர் பட்ட கடனுக்கும் அவர்கள் பொறுப்பு. வாரிசுகள் அனைவருக்கும் தனித்தனியே கடிதம் அனுப்புங்கள்.

பெங்களூரு வாசகர்: இங்கும் இதே சட்டம்தானா?

இல்லை. கர்நாடகத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. அங்குள்ள வழக்கறிஞரைக் கேளுங்கள்.

போரூர் வாசகர்: வக்கீல் நோட்டீஸும் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. பாக்கி 60,000 ரூபாய்தான். இதற்காக வழக்குப் போட்டால் செலவே அதைத் தாண்டிவிடாதா?

தாண்டக்கூடும். அதனால் வழக்குக்கு முந்தைய சமரசத்தை முதலில் முயன்று பாருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் கட்டணமின்றி இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மீது மேல்முறையீடும் இல்லை. நோட்டீஸுக்கு அசையாத பலர் அங்கிருந்து வரும் அழைப்புக்கு வந்திருக்கிறார்கள். வராவிட்டால் வழக்குத்தான், ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டுப் பதிவு எண் பெற்றதா என்பதைப் பொறுத்து எந்த நீதிமன்றம் என்பது மாறும் என்பதால், ஒப்பந்தத்தையும் பணம் செலுத்திய சான்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் கேட்கும் வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். சமரசப் பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்த நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள்.