ஒன்பது குடும்பம், ஒரே அடுக்களை: வரிக் கணக்கு யார் பெயரில்?

கேள்வி: திருவட்டார் பக்கம் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து 4 ஏக்கர் 20 சென்ட் விளை (தோட்ட நிலம்) வாங்கி, ஒரே அடுக்களையில் உண்டு வாழ்கிறோம். பத்திரம் ஒன்பது பேர் பெயரிலும் பிரிபடாத பங்காக இருக்கிறது. ரப்பர், தென்னை, மட்டி வாழை, தேன் பெட்டிகள், தேங்காய் எண்ணெய், விருந்தினருக்கு இரண்டு அறைகள் என்று பிழைப்பு ஓடுகிறது. வரும் பணம் முழுவதும் ஓய்வுபெற்ற ஆசிரியரான என் சேமிப்புக் கணக்கில்தான் விழுகிறது. சென்ற ஆண்டு ரொக்கமாகவே 13 லட்சம் போட்டோம். இப்போது வருமான வரித்துறை விளக்கம் கேட்டிருக்கிறது. டிரஸ்ட் தொடங்கி நிலத்தை அதற்கு எழுதிவிட்டால் வரியே கிடையாது என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: டிரஸ்ட் வேண்டாம் ஐயா. அறக்கட்டளைக்கு வரி விலக்கு கிடைப்பது ஊருக்கு உழைப்பதற்காக. அதன் பலன் தொடங்கியவர்களுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் போய்ச் சேர்ந்தால் விலக்கு கைவிட்டுப் போகும். உங்கள் விளையில் விளைவதை உண்பவர்கள் நீங்களேதான். அது தவறில்லை, ஆனால் சட்டத்தின் கண்ணில் அது தர்மம் ஆகாது. நிலத்தை எழுதிக் கொடுக்கும் செலவும் சின்னதல்ல. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த அளவில் கணக்குப் போட்டால் அரசின் வழிகாட்டி மதிப்பு 30 லட்சம் உள்ள நிலத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் போய்விடும்.

முதலில் நோட்டீஸைப் பார்ப்போம். ஒருவரின் சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால் வங்கியே அதைத் துறைக்குத் தெரிவித்துவிடும். உங்கள் பென்ஷனும் ஊரார் பணமும் ஒரே கணக்கில் கிடப்பதால் எல்லாம் உங்கள் வருமானமாகத் தெரிகிறது. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஆண்டில் 50 ஆயிரத்துக்கு மேல் சும்மா வந்த பணத்துக்கு வரி உண்டு என்பதால், அந்தக் கோணத்திலும் கேட்பார்கள். ரப்பர் கடைக்காரர் தந்த ஷீட் பில்கள், ஒட்டுபால் (மரத்தில் ஒட்டி உலர்ந்த பால்) விற்ற துண்டுச் சீட்டுகள், வாழைக்குலை ஏலச் சீட்டு, பங்கு எழுதிய நோட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். ‘இந்தப் பணத்தில் இவ்வளவு என் பங்கு’ என்று மற்ற எட்டுப் பேரும் உறுதிமொழிப் பத்திரம் தரட்டும். கெடு தேதிக்குள் இணையத்தில் பதில் போய்ச் சேர வேண்டும். உங்கள் கணக்கில் பொதுப்பணம் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

இனி, எது யாருடைய வருமானம் என்று பிரிக்க வேண்டும். சொந்த நிலத்துத் தேங்காய், வாழைக்குலை, ரப்பர் பால், அதை உறைய வைத்து அடித்துக் காய வைத்த ஷீட் எல்லாம் விவசாய வருமானம். அதற்கு வருமான வரி இல்லை. மற்ற வருமானத்துக்கான வரி விகிதம் கணக்கிட மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். தேங்காயைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கும்போது ஆட்டியதால் வந்த லாபம் தொழில் வருமானம். தேனும் அறை வாடகையும் விவசாயத்தில் சேராது. சிக்கல் வருவது இந்த மூன்றில்தான்.

இந்த மூன்றையும் ஒன்பது பேரும் கூட்டாக நடத்தினால் சட்டம் உங்களை ‘நபர்களின் கூட்டமைப்பு’ என்று பார்க்கும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைக்காவிட்டால் உச்சபட்ச விகிதத்தில் வரி. எழுதியிருந்தாலும், ஒரே ஓர் உறுப்பினரின் சொந்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் (புதிய முறையில் இப்போது 4 லட்சம்) கூட்டமைப்பின் மொத்த வருமானத்துக்கும் உச்ச விகிதம்தான். உங்கள் பென்ஷன் ஒன்றே மற்ற எட்டுக் குடும்பங்களின் தேனுக்கும் வரியை ஏற்றிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். 12 லட்சம் வரை வரி இல்லாமல் செய்யும் தள்ளுபடியும் தனிநபருக்குத்தான், கூட்டமைப்புக்குக் கிடையாது.

ஆகவே தேன் பெட்டிகளை, எழுத்தில் எண் குறித்து, குடும்பத்துக்கு இத்தனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஒரு குடும்பம், அறைகள் இன்னொரு குடும்பம் நடத்தட்டும். வருமானம் அவரவர் கணக்குக்கு, அவரவர் ரிட்டனில். அதிலிருந்து மாதாமாதம் அடுக்களைப் பங்கு பொதுக் கணக்குக்கு. எங்களுக்குள் கணக்கு எதற்கு என்று உங்களில் சிலர் மனம் நோகலாம். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் ஐயாவழி கண்ட ஐயா வைகுண்டரின் அன்பர்கள் துவையல் பந்தியாக, அதாவது ஒன்றாகத் தவமிருந்த கூட்டமாக, கூடி உண்டு வாழ்ந்த மண் இது. கூடி வாழ்வதன் அருமை எனக்கும் தெரியும். நோட்டில் பங்கு எழுதியதால் பந்தி பிரிந்துவிடாது.

அடுக்களை நிதிக்கு வரி பயம் வேண்டாம். போட்டவர்களே உண்டு, மிஞ்சியதும் போட்டவர்களுக்கே திரும்பினால் அது வருமானமே அல்ல. விருந்தினரிடம் சாப்பாட்டுக்கு வாங்கும் பணத்தை மட்டும் அதில் கலக்காதீர்கள். அது அறை நடத்துபவரின் வரவு. மிச்சப் பணத்தை வங்கியில் வைப்பு வைத்தால் வட்டிக்கு வரி உண்டு. உறுப்பினர் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

ஜிஎஸ்டியில் ‘விவசாயி’ என்றால் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் மட்டுமே. தன் நிலத்து விளைச்சலை விற்க அவர்களுக்குப் பதிவு தேவையில்லை. டிரஸ்ட் விற்றால் அந்தச் சலுகை இல்லை. மற்றபடி ஆண்டு விற்றுவரவு பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம், சேவையும் செய்பவருக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். ஆனால் களியக்காவிளை தாண்டி ஜாக்கிரதை! லேபிள் ஒட்டிய தேன் பாட்டிலையோ எண்ணெயையோ கேரளத்துப் பாறசாலைக் கடைக்கு ஒரு பெட்டி விற்றாலும் அது மாநிலம் விட்டு மாநிலம். தொகை எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். குழித்துறை, மார்த்தாண்டம் கடைகளோடு நின்றுகொண்டால் அந்தப் பாடு இல்லை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. பிரிபடாத பங்கில் பங்குதாரர் யார் வேண்டுமானாலும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்; ஒருவர் காலமானால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும், அவர்கள் உங்களோடு உண்ண விரும்பாமலும் போகலாம். விலகுபவர் பங்கை முதலில் மற்றவர்களுக்கே தர வேண்டும், விலையை எப்படி நிர்ணயிப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது என்று ஒன்பது பேரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எழுதுங்கள். நோட்டீஸுக்குப் பதில் போன மறுவாரமே அதற்காக உட்காருங்கள். வரும்போது மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் கொண்டு வாருங்கள்.