‘எந்த ஊரு?’ என்று கேட்டால் வரைபடம் வராது

கேள்வி: தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரை ஊர்க்காரர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறோம். 640 பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று பல இடங்களில். அவசரத்துக்கு ரத்தம் கேட்கவும், காற்று எச்சரிக்கையை உரியவர்களுக்கு மட்டும் அனுப்பவும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு மேப் வேண்டும். ‘எல்லாரும் லொகேஷன் போடுங்கள்’ என்றோம். 90 பேர் போட்டார்கள், அதில் பெண்கள் ஒருவர்கூட இல்லை. மற்றவர்களிடம் ஊர்ப்பெயரும் பின்கோடும், சிலரிடம் படகு ஜிபிஎஸ் எண்ணும் வாங்கி ஏற்றினோம். சில புள்ளிகள் கடலில் விழுகின்றன, நான்கைந்து கோயம்புத்தூரில், ஒன்று வடதுருவத்துக்குப் பக்கத்தில். எங்கே தவறு? – உச்சிப்புளி வாசகர்.

பதில்: லொகேஷன் கேட்டதிலேயே தவறு தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் ‘தற்போதைய இடம்’ என்று அனுப்புவது அந்த நிமிடத்தில் போன் இருக்கும் இடம். ஆள் படகுத்துறையில் நின்றால் படகுத்துறை, கடைத்தெருவில் நின்றால் கடைத்தெரு, படகில் இருந்தால் கடல். வீடு அல்ல. வீட்டிலிருந்தே அனுப்பியிருந்தால் இன்னும் மோசம்: பெயர், போன் நம்பர், வீட்டு வாசல் மூன்றும் சேர்ந்து 640 பேர் கையில் போய்விட்டது. பெண்கள் போடாதது தயக்கம் அல்ல, சரியான கணக்கு. அந்த 90 செய்திகளையும் அட்மினே ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுத்து எடுத்துவிடுங்கள். யாராவது ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தால் அதை நீங்கள் எடுக்க முடியாது. ஆகவே இன்றைக்கே செய்வது நல்லது.

மேப் எதற்கு என்பதுதான் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். ரத்தத்துக்கு ஊர் தெரிந்தால் போதும். ராமேஸ்வரத்தில் ஆள் இருக்கிறாரா, ராமநாதபுரத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி, எந்தத் தெரு என்பதல்ல. காற்று எச்சரிக்கைக்கு வேண்டியது வேறு. ஆடிக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது வடகடல் (பாக் விரிகுடா) அடங்கியிருக்கும், வாடைக் காற்றில் நிலைமை மாறும். பாம்பனில் வடகடலில் தொழில் செய்பவருக்கும் தென்கடல் பக்கத் தெற்குவாடிக்காரருக்கும் பின்கோடு 623521 ஒன்றுதான். பின்கோடு வைத்து மேப் போட்டால் மன்னார் வளைகுடா எச்சரிக்கை இருவருக்கும் போகும். நாலு தடவை வீணாகப் போனால் ஐந்தாவது தடவை ஒருவரும் படிக்கமாட்டார். எனவே ‘எந்தக் கடல்’ என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், இடத்தை வைத்து ஊகிக்கக் கூடாது.

இன்னொன்று. நம் பக்கத்தில் ‘எந்த ஊரு?’ என்று கேட்டால் ஆள் சொந்த ஊரைச் சொல்வார். இருபது வருடமாக துபாய் தேராவில் இருப்பவரும் ‘கீழக்கரை’ என்றுதான் சொல்வார், அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பதிலை வைத்துப் போட்ட மேப்பில் கீழக்கரையில் 80 பேர் தெரிவார்கள், இரவு பத்து மணிக்கு ரத்தம் கேட்டால் 12 பேர்தான் ஊரில் இருப்பார்கள். கேள்வியை இரண்டாக உடையுங்கள்: ‘சொந்த ஊர்’ ஒன்று, ‘இந்த மாதம் பெரும்பாலான இரவு தங்கும் ஊர்’ ஒன்று. மேப்புக்கு இரண்டாவதுதான். கேட்கும் மாதமும் முக்கியம். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுத் தொழிலாளர் பலர் இருக்கும் இடமே மாறியிருக்கும். அப்போது எடுத்த கணக்கை வைத்து நவம்பரில் யாரையும் தேடாதீர்கள்.

கூகுள் ஃபார்மில் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம்: சொந்த ஊர், தங்கும் ஊர், நாடு, தொழில் செய்யும் கடல் (வடகடல், தென்கடல், இரண்டும், கடல் தொழில் இல்லை), ‘மேப்பில் என்னை எண்ணிக்கையாகச் சேர்க்கச் சம்மதம்’ என்ற டிக். பெயரும் போன் நம்பரும் இதில் கேட்காதீர்கள். மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பு ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். ரத்த வகை கொடுக்க விரும்புபவர்களுக்கும், தங்கள் கடலுக்கான எச்சரிக்கை மட்டும் வேண்டுபவர்களுக்கும் பெயர், நம்பரோடு தனி ஃபார்ம். அதன் பதில் தாளை இரண்டு பேர் மட்டும் பார்க்க வேண்டும். ‘ராமேஸ்வரம் 14’ என்று மேப் சொல்லும், அந்த இரண்டு பேரில் ஒருவர் போன் செய்வார்.

ஊர்ப்பெயரை டைப் செய்யச் சொல்லாதீர்கள், பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கீழக்கரை, கீழகரை, கீளக்கரை என்று வருவது கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஒன்று உண்டு. ‘தொண்டி’ என்ற சொல்லில் வரும் ‘ொ’ குறியைச் சில கீபோர்டுகள் ஒரே எழுத்துக் குறியாக அடிக்கும், சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாக விழும். திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், எண்ணும்போது கணினி இரண்டு ஊராக எடுத்துக்கொள்ளக்கூடும். சந்தேகம் இருந்தால் ஷீட்டில் எழுத்துக் குறிகளை எண்ணும் ‘லென்’ ஃபார்முலா போட்டுப் பாருங்கள்: ஒன்று 6 என்று காட்டும், மற்றது 7. ‘வேறு ஊர்’ என்ற பெட்டியில் வரும் பதில்களை மட்டும் இப்படிச் சரிபார்த்தால் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் அஞ்சல் எண் கேட்காதீர்கள். அமீரகத்தில் நம் பின்கோடு போல வீட்டு முகவரிக்கு எண் கிடையாது, ஆட்கள் 00000 என்று ஏதாவது போடுவார்கள். சிங்கப்பூரில் பிரச்சினை நேர்மாறு. அங்கே ஆறு இலக்க எண் அநேகமாக ஒரே ஒரு கட்டடத்தைக் குறிக்கும், பின்கோடு கேட்பதாக நினைத்து வீட்டு முகவரியே வாங்கிவிடுவீர்கள். போதாக்குறைக்கு, சிங்கப்பூரில் 62-இல் தொடங்கும் எண்கள் ஜூரோங் பகுதிக்குரியவை, நம் மாவட்டப் பின்கோடுகள் 623-இல் தொடங்குகின்றன. ஷீட்டில் நாடு என்ற பத்தி (நெடுவரிசை) இல்லாவிட்டால் ராமநாதபுரத்துக்காரர் ஜூரோங்கில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுக்கு நகரம் போதும்: துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூர்.

இப்போது உங்கள் கோயம்புத்தூர்ப் புள்ளிகள். மேப் மென்பொருளிடம் ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்து ‘நீயே இடம் கண்டுபிடி’ என்று விட்டிருக்கிறீர்கள். கோவை நகருக்குள் ராமநாதபுரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏர்வாடி என்றால் திருநெல்வேலி மாவட்டத்திலும் ஓர் ஏர்வாடி. காரங்காடு கன்னியாகுமரியிலும் உண்டு. முத்துப்பேட்டை திருவாரூரில் பெரிய ஊர். நம் ‘மண்டபம்’ ஊரின் கதையைச் சொல்லவே வேண்டாம், தமிழ்நாட்டில் உள்ள கல்யாண மண்டபம் எல்லாம் போட்டிக்கு வரும்.

இதற்கு ஒரே தீர்வு, இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை மென்பொருளிடம் கொடுக்காமல் நீங்களே ஓர் ஊர் அட்டவணை செய்வது. உங்கள் குரூப்புக்கு 50, 60 ஊர் வரும். ஒரு மாலை வேலை. ‘ஊர்கள்’ என்று தனித் தாள், அதில் ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, தாலுகா என்று நான்கு பத்தி. கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, ஊரின் பேருந்து நிறுத்தம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் போல ஒரு பொது இடத்தில் வலது கிளிக் செய்தால் முதல் வரியில் இரண்டு எண் வரும், அதைக் கிளிக் செய்தால் நகல் ஆகும். போனில் என்றால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் தேடும் பெட்டியில் எண் தெரியும். ராமேஸ்வரம் சுமார் 9.29, 79.31. கீழக்கரை 9.23, 78.78. தொண்டி 9.74, 79.02. யாருடைய வீட்டிலும் குத்தாதீர்கள், ஊர்த் தலைவர் வீடாக இருந்தாலும்.

வடதுருவப் புள்ளிக்குக் காரணம் இந்த இரண்டு எண்ணும் இடம் மாறியதுதான். பாம்பனின் 9.28, 79.21 என்பதைத் தலைகீழாக 79.21, 9.28 என்று போட்டால் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் விழும். கூகுள் மேப் அட்சரேகையை முதலில் தரும், ஜியோஜேசன் என்ற மேப் தரவுக் கோப்பு தீர்க்கரேகையை முதலில் கேட்கும். இரண்டுக்கும் நடுவே வெட்டி ஒட்டும்போது மாறிவிடுகிறது. நம் மாவட்டக் கடற்கரை முழுக்க அட்சரேகை 9.0-க்கும் 9.95-க்கும் இடையே, தீர்க்கரேகை 78.3-க்கும் 79.5-க்கும் இடையே அடங்கும். இந்த வரம்பைத் தாண்டினால் கட்டம் சிவப்பாக மாறும்படி ஷீட்டில் வைத்துவிடுங்கள்.

கடலில் விழும் புள்ளிகளில் சில, படகில் இருந்தபடி போட்ட லொகேஷனாக இருக்கும். மற்றவை படகு ஜிபிஎஸ் எண்கள். அந்தக் கருவி பெரும்பாலும் டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும்: 9 டிகிரி 16.8 நிமிடம். இதை 9.168 என்று எழுதினால் தப்பு. நிமிடத்தை 60-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும்: 16.8 ÷ 60 = 0.28, ஆக 9.28. இரண்டுக்கும் வித்தியாசம் 0.112 டிகிரி. ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர் என்பதால் புள்ளி 12 கிலோமீட்டர் தெற்கே, கடலுக்குள் நிற்கும்.

அந்தரங்கத்துக்காக எண்களை இரண்டு தசம இலக்கத்துக்குச் சுருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்நாட்டு ஊருக்கு ஒத்துவரும். நம் கரைக்கு ஒத்துவராது. இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கினால் புள்ளி ஒவ்வொரு திசையிலும் அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை நகரும், தனுஷ்கோடிப் பக்கம் போன்ற ஒடுங்கிய மணல்திட்டில் அது நேரே தண்ணீர். புள்ளிகளைத் தாறுமாறாகச் சிதறடிக்கும் யோசனை இன்னும் மட்டம். ஷீட்டில் தற்செயல் எண் தரும் ‘ரேண்ட்’ ஃபார்முலா போட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புள்ளி புதிதாக நகரும். பல நகலைச் சேர்த்து சராசரி எடுத்தால் நடு இடம், அதாவது வீடு, வெளியே வந்துவிடும். அதற்கு முன்பே யாரோ ஒருவர் அந்தப் பொய்ப் புள்ளியை நிஜ வீடு என்று நம்பிக் கதவைத் தட்டுவார்.

ஆளுக்கொரு புள்ளி வேண்டாம். ஊருக்கு ஒரு புள்ளி, அதன் மேல் எண்ணிக்கை. ‘ஊர்கள்’ தாளில் ஐந்தாவது பத்தியில், சம்மதம் சொன்னவர்களை மட்டும் எண்ணும்படி ‘கவுண்ட்இஃப்ஸ்’ ஃபார்முலா போட்டால் ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை பேர் என்று தானே வரும். ஐந்துக்குக் குறைவாக வந்தால் அந்த ஊரைக் காட்டாமல் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுங்கள். இரண்டே பேர் இருக்கும் குப்பத்தில் ‘2’ என்று போடுவது பெயரைப் போடுவதற்குச் சமம். இதில் பலர் வழுக்கும் இடம் மொத்தத் தொகை. உதாரணத்துக்கு, ராமேஸ்வரம் தீவு மொத்தம் 58 என்று போட்டு, ராமேஸ்வரம் 31, தங்கச்சிமடம் 17, பாம்பன் 8 என்றும் போட்டால், மறைத்து வைத்த தனுஷ்கோடி 2 என்பதைப் பள்ளிப் பிள்ளை கழித்துச் சொல்லிவிடும். மறைக்காதீர்கள், ‘ராமேஸ்வரம், தனுஷ்கோடி 33’ என்று இணைத்துவிடுங்கள்.

மேப்புக்குக் கூகுள் மை மேப்ஸ் போதும். கணினி பிரவுசரில் செய்யுங்கள். ஒரு லேயரில் (மேப்பின் மேல் போடும் ஓர் அடுக்கு) 2,000 வரிசை, ஒரு மேப்பில் 10 லேயர் என்பது அதன் வரம்பு, உங்களுக்கு அறுபது வரிசைதான். தங்கும் ஊர் ஒரு லேயர், வடகடல், தென்கடல் இரண்டு லேயர். ‘இரண்டும்’ என்றவர்களை இரண்டிலும் எண்ணுங்கள், ஐந்துக்குக் குறைந்தால் சேர்க்கும் விதி இந்த லேயர்களுக்கும் உண்டு. எண்ணிக்கைப் பத்தியை வைத்து நிறம் மாற்றலாம், அதையே லேபிளாகவும் காட்டலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் மேல் இயங்கும் யூமேப்பில் அருகருகே உள்ள புள்ளிகளைக் கொத்தாகச் சேர்த்துக் காட்டும் வசதி உண்டு. ஆனால் கணக்கு இல்லாமல் தொடங்கினால் திருத்துவதற்கான ரகசிய இணைப்பைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும். கோப்பை எக்செலில் சேமிப்பதானால் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், சாதா சிஎஸ்வி தமிழை வெறும் கேள்விக்குறிகளாக்கிவிடும்.

ஏற்றும் கோப்பில் ஊர், இரண்டு எண், எண்ணிக்கை தவிர வேறு பத்தியே இருக்கக் கூடாது. மை மேப்ஸ் கோப்பில் உள்ள எல்லாப் பத்தியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், புள்ளியைத் தொட்டால் அத்தனையும் விரியும். திரையில் மறைத்தாலும் பயன் இல்லை, மேப்பைப் பார்க்கும் ஒருவர் தரவைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது.

மேப்பின் தலைப்பிலேயே தேதியும், ‘640 பேரில் இத்தனை பேர் பதில்’ என்பதும் இருக்கட்டும். பதில் சொல்லாதவர்கள் சமமாகப் பரவியிருக்கமாட்டார்கள். வயதானவர்கள், கடலில் இருப்பவர்கள் பக்கம்தான் குறையும். மேப்பில் வெறுமையாகத் தெரியும் ஊரில் ஆளே இல்லை என்று அர்த்தம் இல்லை. வெற்றிடத்தை நிரப்ப போன் நம்பரின் முன்னெண்ணைப் பார்த்து இடம் ஊகிக்காதீர்கள். அமீரக நம்பரோடு ஊருக்கு வந்து தங்கிவிட்டவர்களும், இந்திய நம்பரிலேயே வளைகுடாவில் வாட்ஸ்அப் பார்ப்பவர்களும் நிறைய.

2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை எளிது: எதற்கு என்று சொல்லிக் கேட்பது, அதற்கு மட்டும் பயன்படுத்துவது, சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் நீக்குவது. 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். குரூப்பில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைச் சேர்க்காமல் விடுவதே சுலபம். பெயர் இல்லாத ஃபார்மில் தன் வரிசை எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பழைய பதில்களைத் திருத்திக்கொண்டிராமல், தடைக்காலம் முடிந்து ஜூலையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் தொடக்கத்தில் ஒருமுறை ஃபார்மைப் புதிதாக அனுப்பிவிட்டுப் பழைய தாளை அழித்துவிடுங்கள்.

இணைப்பை குரூப்பில் போடுவதற்கு முன், உங்கள் கூகுள் கணக்கு இல்லாத வேறு ஒருவர் போனில் அதைத் திறந்து, நாலு ஊர்ப் புள்ளிகளைத் தொட்டுப் பாருங்கள். ஊர்ப்பெயருக்கும் எண்ணிக்கைக்கும் மேல் ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தாலும் அந்த லேயரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.