அம்மாவுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் இருந்தால் எனக்கும் வருமா?

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் இந்த நோய் உங்களுக்கு வராமலிருக்கவே வாய்ப்பு மிக அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது 100-இல் 2, 3 பேருக்குத்தான். ஒரே கருவில் உருவான இரட்டையருக்கு மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்றே. அவர்களிலும் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே.

காரணம், இது இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோய் போல ஒற்றை மரபணுக் கோளாறு அல்ல. 2019-இல் வெளியான ஆய்வு 230-க்கும் மேற்பட்ட மரபணு மாறுபாடுகளைக் கண்டது. பெரும்பாலானவற்றின் பங்கு அற்பம். எச்எல்ஏ-டிஆர்பி1*15:01 என்ற மாறுபாடு மட்டும் ஆபத்தை ஏறக்குறைய 3 மடங்காக்கும். அதைச் சுமந்தும் நோயே வராதவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். ஆகவே மரபணுப் பரிசோதனைக்குக் காசைக் கரியாக்க வேண்டாம் என்பேன்.

சுவாரசியமான விஷயம் இனிமேல்தான். நோயை வரவழைப்பவை பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி சார்ந்த மரபணுக்கள். வந்த நோய் முற்றும் வேகத்தைக் கூட்டுவது வேறு. 2023-இல் 22,000-க்கும் அதிகமான நோயாளிகளை ஆராய்ந்தபோது, மூளை, தண்டுவடத்தில் செயல்படும் மரபணுக்களுக்கு அருகே ஒரு மாறுபாடு சிக்கியது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களுக்கு ஊன்றுகோல் தேவைப்படும் நிலை கிட்டத்தட்ட 4 ஆண்டுகள் முந்தி வந்தது.

மரபணுவை மாற்ற முடியாது. புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். அது இந்த ஆபத்தையும் கூட்டுகிறது.