அந்தக் கூரையில் சருகு அள்ளியது யார்?

கேள்வி: எங்கள் வீடு யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் இருக்கிறது. அம்மாவின் சீதனக் காணி ஆறு பரப்பில் (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) அப்பா 1963இல் கட்டியது. பிளாட் கூரை, தூண் இல்லாமல் முன்னுக்கு நீளும் போட்டிக்கோ, படிக்கட்டுச் சுவரில் துளைக்கல், சிவப்புச் சீமெந்து நிலம் என்று அந்தக் காலத்தில் புதுமோஸ்தர் வீடு. பெற்றோர் இருவரும் இல்லை, மரணசாதனமும் (உயில்) எழுதவில்லை. நான் ரொறன்ரோவில், அண்ணா சிட்னியில். கலியாணம் செய்யாத அக்கா (68 வயது) இடப்பெயர்வு முடிந்து 1996இல் திரும்பியதிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா. புரட்டாதி தோறும் ஏணி வைத்து ஏறிக் கூரைத் தண்ணீர்க் குழாயில் சருகு அள்ளுவா. முழங்கால் வருத்தத்தால் இரண்டு வருடமாக ஏறவில்லை, இப்போது ஒழுக்கும் தொடங்கிவிட்டது. தரகர், "வீட்டுக்கு விலையில்லை, காணிக்குத்தான் விலை. சீலிங்குக்குப் பெயின்ற் அடித்துக் காட்டுங்கோ, இல்லாவிட்டால் இடித்து வெறுங்காணியாக விடுங்கோ" என்கிறார். அக்கா கையெழுத்து வைப்பா, பிரச்சினை இல்லை. பிறகு எங்களிடம் முறைவைத்து இருக்கலாம், அல்லது நல்ல முதியோர் இல்லம் பார்ப்போம். வீடாக விற்பதா, இடித்து விற்பதா?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். மூன்று பக்கம் பரப்பு விலை. அக்காவுக்கு ஆறு வரி. அந்த ஆறு வரிக்குள் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: புரட்டாதி தோறும் ஏணி வைத்து ஏறிச் சருகு அள்ளுவா என்று. வெளிநாட்டுப் பிள்ளைகளின் வீட்டு விற்பனைக் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வராத மாதம் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அந்தச் சருகுக்குள்தான் கிடக்கிறது.

அந்த வேலை என்னவென்று உங்களுக்கு விளங்கவில்லை. பிளாட் கூரையில் தண்ணீர் ஓடி வெளியேற இரண்டோ மூன்றோ குழாய்வாய்தான் இருக்கும். மாமரச் சருகு ஒரு கைப்பிடி அடைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க மேலே தேங்கும். 1,000 சதுர அடிக் கூரையில் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் அதன் பாரம் ஒன்பது தொன்னுக்கு மேல். பாரத்தை அந்தக் காலத்துச் சிலாப் ஒருவேளை தாங்கும், ஊறலைத் தாங்காது. தண்ணீர் மயிர்வெடிப்பு வழியே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். பருத்த கம்பி அடியிலுள்ள கொங்கிறீற்றைத் தள்ளிக் கழற்றும். கொழும்புத்துறையில் கடல்நீரேரியின் உப்புக் காற்று வேறு. வார்ப்பில் கழுவாத கடல் மணலும் சேர்ந்திருந்தால் துரு இன்னும் விரைவாக ஓடும். அறுபது வருடத்துச் சிலாப் உங்கள் கடிதம் எழுதும்வரை நின்றதற்குக் காரணம் அப்பா போட்ட சீமெந்து மட்டும் இல்லை. இருபத்தாறு புரட்டாதி ஏணியில் ஏறிய ஒருத்தியும்தான். அவ ஏறாமல் விட்ட இரண்டாம் வருடம் ஒழுக்கு வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அடுத்த வரியில் அவவை முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறீர்கள். அறுபத்தாறு வயது வரைக்கும் அவ ஏணியில் ஏறினா. ஒரு மாரிக்காவது ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு பெடியனை ஏற்றச் சொல்லி அண்ணனோ தம்பியோ தொலைபேசியில் சொன்னீர்களா?

"கையெழுத்து வைப்பா, பிரச்சினை இல்லை" என்பதை இனி யாரிடமும் சொல்லாதீர்கள். அவவின் கையெழுத்து நீங்கள் தாண்டிப் போக வேண்டிய படி இல்லை, அவ பங்காளி. சீதனக் காணி அம்மாவுடையது, மண்ணில் எழுந்த கட்டடமும் மண்ணோடு சேர்ந்தது. மரணசாதனம் இல்லாததால் மூன்று பிள்ளைக்கும் சம பங்கு. நீங்களும் அண்ணாவும் உங்கள் பங்கை வெளியாளுக்கு விற்க முன், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டுப் பங்காளியான அக்காவுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. முறையாக அறிவித்தல் கொடாமல் விற்றால் அவ வழக்கு வைக்கலாம். வைக்கமாட்டா என்ற நம்பிக்கையில்தான் நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள்.

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். உங்கள் அம்மாவுக்கு அந்தக் காணி வந்த வழியும் அதுதான். அக்காவுக்குக் கலியாணம் நடந்திருந்தால் இந்த வீடு சீதன உறுதியில் (பத்திரத்தில்) அவவின் பேருக்கு எழுதப்பட்டிருக்கும், நீங்கள் இருவரும் மறுபேச்சில்லாமல் சாட்சிக்கு நின்றிருப்பீர்கள். கலியாணம் நடக்கவில்லை என்பதற்காக அவவின் உரித்து கரைந்துபோகுமா? நீண்டகாலம் இருந்த ஆட்சியைக் காட்டி முழுவதையும் கேட்கும் வழியும் கூட்டுப் பங்காளிக்கு இலகுவில் திறக்காது. ஒரு பங்காளியின் ஆட்சி மற்றவர்களுக்காகவும் இருந்த ஆட்சி என்றே நீதிமன்றம் பார்க்கும். ஆகவே சட்டம் அவவுக்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் கொடுக்காமல் விடலாம். மிச்சத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் தம்பியும் அண்ணனும். அதைச் செய்யச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

செய்யும் வழி இது. ஆறு பரப்பையும் அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து இரண்டாகப் பிரியுங்கள். வீடும் முன்வளவும் சேர்ந்த மூன்று பரப்பு அக்காவுக்கு, பின்வளவு மூன்று பரப்பு உங்கள் இருவருக்கும். மூன்று பேரும் இணங்கினால் வழக்குத் தேவையில்லை, பங்கீட்டு உறுதி போதும். நொத்தாரிசின் முன்னால் நேரில் நிற்க முடியாவிட்டால் உங்கள் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவத்தை, அதாவது உங்களுக்காகக் கையெழுத்து வைக்க ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை, உறுதிப்படுத்தி அனுப்புங்கள். இந்தப் பங்கீட்டுக்கு மட்டும் என்று எழுதுங்கள், பொதுத் தத்துவம் வேண்டாம். பின்வளவை விற்ற காசில் முதல் செலவு கூரைத் திருத்தம், மிச்சத்தைத்தான் இருவரும் பங்கிடலாம். அண்ணா பின்வளவில் உங்கள் பங்கையும் தானே வாங்குவேன் என்று வந்தால் அவரின் குடியுரிமையைப் பாருங்கள். இலங்கைக் குடியுரிமையை விட்டு இரட்டைக் குடியுரிமையும் எடுக்காதவருக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வாரிசாக வருவதும் உறுதி முடித்து வாங்குவதும் வேறு வேறு.

பிரிக்கும்போது பலர் தவறவிடுவது கிணறு. கிணறு பின்வளவுக்குள் விழுந்தால் அக்காவின் கிணற்றுப் பங்கையும் போய்வரும் வழியையும் உறுதியில் எழுத வேண்டும். பின்வளவுக்கு ஒழுங்கை விடும் அகலத்தை மாநகரசபையிடம் முதலே கேட்டுத்தான் அளவையாளர் கோடு போட வேண்டும். வாங்குபவர் வீடு கட்டும்போது மலக்குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடிக்கு அப்பால் வெட்ட வேண்டும், இன்னும் தள்ளினால் நல்லது. நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலம் கசிவை வடிகட்டாது, வெடிப்பு வழியே கிணற்றுக்கு நேராகக் கொண்டுவரும்.

இனி உங்கள் தரகரின் யோசனை. சீலிங்குக்குப் பெயின்ற் அடித்துக் காட்டுவது ஏமாற்று. அதுமட்டுமில்லை, பிளாஸ்ரிக் பெயின்ற் அடியில் மூடினால் சிலாப் ஊறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். மேலே தகரக் கூரை போடச் சொல்லியும் சிலர் வருவார்கள். அதன் கால்களைப் பூட்டச் சிலாப்பில் துளை போட்டால் புதிதாக இருபது ஒழுக்கு வரும், வீட்டின் முகமும் போய்விடும். சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு மேல் ரைல்ஸ் ஒட்டவும் விடாதீர்கள். அப்படி மெருகிழைக்கிற மேசன்மார் இப்போது தேடினாலும் கிடைப்பது அரிது.

சரியான திருத்தம் பொறியியலாளர் ஒருவருடன் தொடங்கும். சிறு சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டி, பொய்ச்சத்தம் வரும் இடத்தைச் சோக்கால் வட்டமிட வேண்டும். உடைத்த புதுமுகத்தில் பினோப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்தால் இளஞ்சிவப்பாகும் கொங்கிறீற்று, உப்பு ஏறியிராவிட்டால், கம்பியைக் காக்கிறது. நிறம் மாறாவிட்டால் காப்புப் போய்விட்டது. பழுதான இடத்தில் கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் வரை கொத்த வேண்டும். முன்பக்கம் மட்டும் கொத்திப் பூசுகிற வேலை இரண்டு மாரியில் மறுபடி கழன்று விழும். துரு முடிந்து நல்ல கம்பி தெரியும் இடத்தையும் தாண்டி இரண்டு அங்குலம் போக வேண்டும். கம்பியை உலோகப் பிரஷால் பளபளவென்று தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். கம்பி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும், சேரும் நீளம் விட்டத்தைப்போல் 40 மடங்கு. 12 மில்லிமீற்றர்க் கம்பிக்கு அது ஏறத்தாழ ஒன்றரை அடி. பிறகு திருத்தக் கலவையை ஒரே தடிப்பாக அப்பாமல் அடுக்கடுக்காகப் பூசி, ஏழு நாள் நனைந்த சாக்குப் போட்டு ஈரம் காக்க வேண்டும். நம்மூர் வெயிலில் இந்த ஏழு நாளைத்தான் மேசன்மார் மூன்றாக்குவார்கள். கூலி கொடுக்க முன் அக்காவிடம் கேளுங்கள், சாக்கு நனைந்ததா என்று அவவுக்குத் தெரியும்.

போட்டிக்கோவுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. தூண் இல்லாமல் நீளும் சிலாப்பில் பாரம் தாங்கும் முக்கியக் கம்பி மேற்பக்கத்தில் ஓடும். வீட்டுக்குள் பழகிய மேசனுக்கு அது கீழே இருக்கும் என்ற நினைப்பு. தேங்கிய தண்ணீர் முதலில் தின்பதும் அந்த மேல்கம்பியைத்தான். கீழிருந்து பார்த்தால் ஒரு கறையும் தெரியாது. முட்டுக் கொடுக்காமல் மேலே கொத்தத் தொடங்கினால் முழுப் போட்டிக்கோவும் ஒரு சத்தத்தோடு இறங்கும். பொறியியலாளர் பார்க்கும்வரை அதன்கீழ் கதிரை போட்டு இருக்க வேண்டாம் என்று இன்றைக்கே அக்காவுக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக மேற்பரப்பு. குழாய்வாயை நோக்கி 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலச் சரிவு வரும்படி பூசி, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். குழாய்வாயை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திப் பார்த்த பிறகுதான் மேசனின் கணக்கை முடிக்கலாம்.

"வீட்டுக்கு விலையில்லை" என்கிறார் உங்கள் தரகர். வெறுங்காணி விரைவில் கைமாறும், அவருக்கு வேண்டியது அதுதான். காணிக்குத் தனியாகவும் வீட்டோடு சேர்த்தும் இரண்டு மதிப்பீடு எடுத்துப் பாருங்கள். கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு விற்பனையானபோது, அதைக் கல்லுக்கும் மரத்துக்கும் இலக்கமிட்டுக் கழற்றிப் பாவாவின் தோட்டமான லுணுகங்கவில் மறுபடி எழுப்பினார்கள். அது கல்லும் மரமும் ஓடும் சேர்ந்த வீடு, கழற்றிப் பூட்டலாம். உங்கள் வீடு ஒரே வார்ப்பு, உடைத்தால் கல்லும் கம்பியும்தான் மிஞ்சும். தொல்லியல் சட்டம் 1963ஆம் ஆண்டு வீட்டுக்குத் தானாகக் காவல் நிற்காது. "இடிக்கக்கூடாது" என்று விற்பனை உறுதியில் ஒரு வரி எழுதி, அதை நம்பியும் இருக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு இருக்கிற ஒரே காவல் அதற்குள் குடியிருக்கிறவ. பிறகு அவ விற்க விரும்பினால் அது அவவின் தீர்மானம். அப்போது ஒழுகாத கூரையோடும் தெளிந்த உறுதியோடும் விற்கலாம். அப்பாவின் ட்றங்குப் பெட்டிக்குள் நீல நிற வரைபடம் இருக்கிறதென்று கடிதத்தின் நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். வெயிலில் விரித்துக் காட்டாமல், லமினேற் பண்ணாமல், படமெடுத்துவிட்டு இருட்டில் தட்டையாக வையுங்கள். திருத்துகிற பொறியியலாளருக்குக் கம்பி ஓடும் திசை அதில் கிடைக்கலாம்.

முறைவைத்து வைத்திருப்போம் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 68 வயதில் ஆறு மாதம் ரொறன்ரோக் குளிர், ஆறு மாதம் சிட்னி என்று ஒரு பெட்டியோடு அலைய அவ கேட்டாவா? அவவிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று நான்கு பக்கத்திலும் தேடினேன், அவவின் வாய்ச்சொல் ஒன்றுகூட இல்லை. விலை பேசுவதை நிறுத்திவிட்டு வந்து ஒரு மாதம் அந்த வீட்டில் இருந்து கேளுங்கள். ஆவணியில் வந்தால் நல்லது, புரட்டாதிக்கு முன் ஏணியில் நீங்களே ஏறலாம். வர முடியாவிட்டால் இந்த வாரமே ஆளைப் பிடித்துக் குழாய்வாய்களைத் துப்புரவாக்குங்கள், வாய்க்குக் கம்பிவலைக் கூடு ஒன்றும் போடச் சொல்லுங்கள். கூலியை நீங்கள் அனுப்புங்கள், அக்காவின் கைக்காசில் கொடுக்க விடாதீர்கள்.